ஊர்காத்தை விட்டவன்

வாங்ணா, வாங்க. செருப்பை உள்ளயே விடுங்க, வெளிய விட்டா மேல்வீட்டு நாய் கவ்விட்டுப் போயிரும். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க.

தீர்த்தகிரியைப் பத்தி விசாரிக்கோணும், அவ்வளவுதானே? வாட்ச்மேன் சொன்னாரா என்கிட்டக் கேளுங்கன்னு? செரியான ஆளுகிட்டத்தான் அனுப்பியிருக்காரு. அவன் எனக்குக் கீழ்வீட்டுக்காரன். ஞாயித்துக்கிழமையானா மத்தியானச் சோறு தின்னுபோட்டு நேரா இங்கதான் வருவான், பொழுது எறங்கித்தான் போவான். இந்த அபார்ட்மெண்டுல அவனை என்னளவுக்குத் தெரிஞ்சவங்க கெடையாது. தருமபுரிப் பக்கம் சொந்த ஊரு, இங்க பாலிடெக்னிக்ல எலெக்ட்ரிகல் வாத்தியாரு. அதெல்லாம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஜாதகத்தோட வந்திருக்குமே.

உங்க அக்கா பொண்ணுக்கா? ஊரு கோபிங்களா? பொண்ணு பார்மசி படிச்சிருக்காங்களா. நல்லதுங்ணா. அப்ப நல்லா விசாரிக்கத்தான் வேணும். நான் பம்பு கம்பெனியில குவாலிட்டில இருக்கேன். தப்பு கண்டுபுடிக்கறதுதான் என்ற சோலி. எந்தப் பம்பும் மேல பாத்தா பளபளன்னுதான் இருக்கும், தண்ணிக்குள்ள எறக்குனாத்தான் எங்க ஒழுகுதுன்னு தெரியும். இவனை நான் எறக்கிப் பாத்தவன். உள்ளதைச் சொல்றேன். அப்பறம் உங்க இஷ்டம்.

குடியா? அதெல்லாம் இல்லீங்ணா. சிகரெட்டும் இல்ல. எல்லாரும் இதையேதான் கேக்கறீங்க. குடிக்கறானா, புடிக்கறானா. ஒரு மனுசன் எப்பேர்ப்பட்டவன்னு தெரியோணும்னா அவன் கையில ஒரு டிராகனைக் குடுத்துப் பாக்கோணும்.

சிரிக்காதீங்க. நான் நெசமாத்தான் சொல்றேன்.

கேம்முங்ணா. டிவியில போட்டு வெளையாடறது. சின்னப்பசங்க டப்பு டப்புன்னு சுடற கேம்னு நெனச்சுராதீங்க. இதுக்குள்ள ஒரு நாடே இருக்குது. மலை, ஆறு, சந்தை, முந்நூறு வருசத்துச் சரித்திரம். நாம ஒரு வீரனா உள்ள போயி, யாரு பக்கம் சேரறது, யாரை நம்பறது, யாரை வெட்டறதுன்னு நாமளே முடிவு பண்ணோணும். நம்ம முடிவுக்குத் தக்கன கதை மாறும். இங்கிலீசுப் பேரு வாயில நுழையாது, நாங்க 'பனிமுடி'ன்னு சொல்லுவோம். எந்நேரமும் பனி பேஞ்சுட்டே இருக்கற ஊரு.

மூணு பேரு சேந்து வெளையாடுவோம். நானு, இவன், அப்பறம் எங்க கம்பெனி டிசைன் செக்சன்ல ஒருத்தன், சபீர்னு. மூணு பேரும் ஒரு படை. தலைவன் நானு. டிவி என்றது, வீடு என்றது, வேற யாரு தலைவனா இருக்கறது?

கேளுங்க. அந்த நாட்டுல ஒரு ஏரி. ஏரிக்கு அடியில ஒரு கெழட்டு டிராகன். பேரு ஊர்காத். முந்நூறு வருசத்துக்கு முன்னால ஏழு ஊரை எரிச்சுப்போட்டு அங்க போயிப் படுத்துகிச்சு. அதைக் கொல்றதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்குது, கோட்டைக்காரங்க. இரும்புக் கவசம், சட்டம், ஒழுங்கு, பாத்தாலே ஒரு மருவாதி வரும். அதைக் கொல்லக் கூடாதுன்னு இன்னொரு கூட்டம், ஏரிக்காரங்க. மீன் புடிக்கறவங்க. புடிச்ச மீனுல ஒரு கூடையை டிராகனுக்குன்னு தெனமும் தண்ணியில கொட்டற கூமுட்டைங்க. கடைசியில நாம ரெண்டுல ஒரு பக்கம் நிக்கோணும். மூணு பேரும் சேந்து ஒரே பக்கம். அதுதான் விதி.

நான் மொத நாளே கோட்டைதான்னு சொல்லிட்டேன். சும்மா சொல்லல. கேமுக்குள்ளயே கோட்டையில ஒரு நூலகம் இருக்குது, அதுல இருக்கற அத்தனை புத்தகத்தையும் ஒண்ணு விடாம படிச்சுட்டுச் சொன்னேன். டிராகனோட வம்சம் என்ன, அதுக்கு எத்தனை கண்ணிமை, எந்த உலோகம் அது தோல்ல எறங்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. சபீரு என்ன சொல்றீங்களோ அதாங்ணான்னுட்டான். அவன் நல்ல பையன்.

இவன்? இவன் ஒரு பக்கம் படிக்கல. ஏரிக்கரையில ஒரு மீன்காரி நிப்பா. கிட்டப் போனா பேச ஆரம்பிச்சிருவா. நாமெல்லாம் என்ன பண்ணுவோம்? பட்டனை அமுக்கித் தள்ளிவிட்டுட்டுப் போயிருவோம். அவ பேச்சுல ஒரு காரியமும் இருக்காது, வலை கிழிஞ்சு போச்சு, புருசன் காணாமப் போனான், இந்த மாதிரி. இவன் நின்னு கேப்பான். முழுசாக் கேப்பான். போதாததுக்கு 'வேற என்ன?'ன்னு ஒரு பட்டன் இருக்குது. உலகத்துலயே அதை அமுக்குன ஒரே ஆளு இவனாத்தான் இருப்பான். அங்க கோட்டைத் தலைவரு எங்களுக்காகக் குதிரை மேல காத்துட்டு இருக்காரு, இவன் மீன்காரியோட ஊர்க்கதை பேசிப் பழமை பேசிட்டு இருக்கான். நாளைக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி வந்தாலும் இப்படித்தாங்ணா. அவ சொல்ற பழமையெல்லாம் உக்காந்து கேட்டுட்டு, 'வேற என்ன'ன்னு கேட்டுட்டு இருப்பான். ஒரு வேலை நடக்காது அந்த வீட்டுல. யோசிச்சுக்கோங்க.

உள்ள என்ன சத்தமா? எங்கப்பாங்ணா. நஞ்சப்பன்னு. மில்லுல மேஸ்திரியா இருந்தாரு. ரெண்டு வருசத்துக்கு முன்னால வாதம் வந்து வலது பக்கம் விழுந்து போச்சு. பேச்சும் போச்சு. நெனைவெல்லாம் நல்லா இருக்குது, வார்த்தைதான் வராது. அம்மா இல்ல. நானும் கலியாணம் பண்ணிக்கல, ஒண்ணும் அமையல. பாத்துக்கறதுக்கு ஒரு ஆளு போட்டிருக்கேன், ஞாயித்துக்கிழமை மட்டும் வரமாட்டாரு. நான் ஒரு கொறையும் வெக்கலீங்ணா. நல்ல கட்டில், நல்ல மெத்தை, ஜன்னலோரம். வாரத்துல அஞ்சு நாள் பேச்சுப் பயிற்சி குடுக்கறதுக்கு ஒரு அம்மா வருவாங்க. அவங்க சொல்லிக் குடுத்தபடி நானும் தெனம் சாயந்தரம் உக்காந்து சொல்லிக் குடுப்பேன். 'அப்பா, செங்கோடன் சொல்லுங்க. செங்-கோ-டன்.' என்ற பேருதான். வாயைப் பாத்துட்டே இருப்பாரு. அவ்வளவுதான்.

எதுல விட்டேன்? ஆங், மீன்காரி.

அந்த மீன்காரி ஒரு பாட்டுப் பாடுனாளாம். டிராகன் ஒண்ணு இல்லையாம், ரெண்டாம். அண்ணன் தம்பியாம். ஏழு ஊரை எரிச்சது அண்ணங்காரனாம். ஊர்காத்து அவனைத் தடுக்கப் போயி, சண்டையில ஒரு ரெக்கை கருகி, அண்ணனைக் கொன்னுபோட்டு அந்தத் துக்கத்துல ஏரிக்குள்ள படுத்துகிச்சாம். ஏரித்தண்ணி வெதுவெதுன்னு இருக்கறதே அது படுத்திருக்கறதாலதானாம். அதனாலதான் அந்தப் பனியிலயும் கரையைச் சுத்திக் கோதுமை வெளையுதாம். மீன்காரி சொன்னாளாம், இவன் நம்பிட்டானாம். சரித்திரம் எழுதுனவன் பொய்யி, மீன்காரி பாட்டு நெசம்!

நான் கேட்டேன், "ஏன்டா, ஆதாரம் என்னடா?"ன்னு.

"ரெக்கைதாங்ணா, உங்க புத்தகத்துப் படத்துலயே ஒரு ரெக்கை கருகித்தானே இருக்குது"ங்கறான். "மனுசன் வெச்ச தீ டிராகன் மேல ஏறாதுன்னு கோட்டைப் புத்தகத்துலயே இருக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப அந்த ரெக்கையைச் சுட்டது யாரு?"

"வயசானா டிராகன் தன் தோலைத் தானே சுட்டு உரிச்சுக்கும். மூணாம் புத்தகத்துல இருக்குது. படிச்சிருந்தாத் தெரியும்."

"ஒரு ரெக்கையில மட்டுமாங்ணா உரிக்கும்?"

"ஒரு ரெக்கையில ஆரம்பிச்சிருக்குது."

"முந்நூறு வருசமாவா?"

சபீரு சிரிச்சுட்டான். பாருங்க, என்ற வீட்டுல, என்ற சோபாவுல உக்காந்துட்டு. நான் கம்முனு இருன்னு ஒரு அதட்டுப் போட்டேன். அதுக்கு மேல இவன் சொன்னதுதான் உச்சம். "பேருலயே இருக்குது பாருங்ணா. ஊர்காத். ஊரைக் காத்ததாலதான் அந்தப் பேரு." எப்படி இருக்குது கதை! வெள்ளைக்காரன் எங்கயோ உக்காந்து வாய்க்கு வந்த பேரை வெக்கறான், இவன் அதுக்குத் தமிழ்ல பதவுரை சொல்றான். படிச்சவன் பேசற பேச்சா இது?

அதுக்கு எங்கப்பா சிரிச்சாருங்ணா. ஆமா, அவரும் இங்கதான் இருந்தாரு. அது ஒரு தனி அக்கப்போரு. இவன் உள்ள நொழைஞ்சதும் மொத வேலையா அப்பாவைச் சக்கர நாற்காலியில உக்கார வெச்சுத் தள்ளிட்டு வந்து டிவி முன்னால நிறுத்திருவான். எனக்குப் பாதித் திரை மறைக்கும். அது மட்டுமா, நடக்கறதை எல்லாம் அவர்கிட்டச் சொல்லிட்டே வெளையாடுவான். "அப்பா, இப்பப் பாலத்தைத் தாண்டறோம். அப்பா, இவன் நம்ம ஆளு இல்ல, திருட்டுப்பய. அப்பா, அதா பாருங்க ஏரி." அந்தாளு வாயோரம் எச்சில் ஒழுக டிராகனைப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு. இவன் ஒரு துண்டு எடுத்துத் தொடைச்சு விட்டுட்டு மறுபடியும் வெளையாடுவான். கவனம்னு ஒண்ணு இருக்குதா பாருங்க அவனுக்கு.

வடக்கு வாசல் முற்றுகையைச் சொல்லாம விட்டா நான் மனுசன் இல்ல. கொள்ளைக்கூட்டம் கோட்டையைச் சுத்திப்போட்டுச்சு. மூணு வாசலுக்கும் மூணு பேரு காவல். நான் தெற்கு, சபீரு கெழக்கு, இவன் வடக்கு. ரெண்டு வாரமா திட்டம் போட்ட சண்டை. பாதிச் சண்டையில பாக்கறேன், இவன் ஆளு சும்மா நிக்குது. வாளைத் தொங்கப் போட்டுட்டுச் செலையாட்டம் நிக்குது. திரும்பிப் பாத்தா சோபாவுல இவனைக் காணோம். எங்கடான்னா, அப்பாவைப் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான்! அவரு மொகத்தைப் பாத்தே கண்டுபுடிச்சானாம். ஏனுங்ணா, ஒரு அஞ்சு நிமிசம் பொறுக்க முடியாதா? டயப்பரு வேற போட்டிருக்குது. நான் கத்தறேன், "வடக்கு வாசல் போச்சுடா"ன்னு. உள்ள இருந்து சத்தம் வருது, "போனாப் போவுதுங்ணா, டயப்பர்ல போறதுக்கு அப்பா சங்கடப்படறாரு." வாசல் போச்சு. கோட்டைத் தலைவரோட தம்பி செத்தான். எல்லாம் இவனாலதான்.

பொறுப்பில்லாதவன்ங்கறதுக்கு இதுக்கு மேல என்னங்ணா வேணும்?

இன்னொண்ணு, கையில ஒரு பொருள் நிக்காது. பனிக்கரடித் தோல்ல செஞ்ச கவசம் ஒண்ணு, அந்தக் கேம்லயே அதுக்கு மேல கவசம் கெடையாது, இவனுக்குக் கெடைச்சுது. அதைக் கழட்டிச் சபீருக்குக் குடுத்துட்டான். ஏன்டான்னா, "அவன் அடிக்கடி செத்துப் போறானுங்ணா, பாவம்"ங்கறான். இவன் பழைய கந்தலைப் போட்டுட்டுச் சுத்தறான். நாளைக்கு உங்க வீட்டுப் பொண்ணு கழுத்துல காதுல இருக்கறதை எவனாவது கேட்டாலும் தூக்கிக் குடுக்க மாட்டான்னு என்ன நிச்சயம்?

என்னது? அவன் கழட்டுனது அவனோடதுதானேங்கறீங்களா? அது செரி. அவனோடதுதான். ஆனாலும்.

கோவமா? கோவம் வருமான்னு கேக்கறீங்களா? அதைத்தாங்ணா நான் பெரிய கொறைன்னு சொல்வேன். வரவே வராது. எத்தனை பேச்சுப் பேசியிருப்பேன் நான்! முட்டாளுன்னு சொல்லியிருக்கேன், கெரகம் புடிச்சவனேன்னு சொல்லியிருக்கேன், உனக்குப் பாடம் எடுக்கச் சொல்லிக் குடுத்தவன் எவன்டான்னு சபீரு முன்னாலயே கேட்டிருக்கேன். "செரிங்ணா"ம்பான். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து நிப்பான். சூடு சொரணை இருக்கற மனுசன் வருவானா?

தண்ணி வேணுமா? இருக்கட்டும், கடைசி நாளைச் சொல்லிட்டு எடுத்துட்டு வர்றேன். அதைக் கேட்டுட்டா நீங்க நேரா கோபி பஸ் ஏறிருவீங்க.

ரெண்டு மாசம் ஆச்சு. அன்னிக்கு ஏரிக்குள்ள எறங்கறோம். எட்டு மாசமா இதுக்குத்தான் வெளையாடுனது. நானும் சபீரும் ரெண்டு பக்கமும் சங்கிலி போட்டு டிராகனை இழுத்துக் கட்டிட்டோம். அது மூச்சு வாங்கிட்டுப் படுத்துக் கெடக்குது. கண்ணை மட்டும் தொறந்து பாக்குது. இப்ப வேல்கம்பைக் கழுத்துல எறக்கோணும், அவ்வளவுதான். அந்த வேல் யாரு கையில இருக்குதுங்கறீங்க? இவன் கையில! நாட்டுல அதிகம் பேரு யாரை நம்பறாங்களோ அவங்கிட்டத்தான் வேல் போகுமாம். மீன்காரி, சந்தைக்காரன், குதிரைக்காரன்னு ஒருத்தர் விடாம பழமை பேசி வெச்சிருக்கானே, அத்தனை பேரும் இவனை நம்பறாங்களாம். புத்தகம் பூராப் படிச்ச என்கிட்ட வரல. கேம் எழுதுனவனுக்கு அறிவு அவ்வளவுதான்.

திரையில ரெண்டு வரி வருது. குத்து, விடு.

"குத்துடா"ன்னேன்.

"ஒரு நிமிசம்ங்ணா. நாம மூணு பேரும் பேசிக்கலாமே."

"பேசறதுக்கு என்ன இருக்குது? நான் குத்துங்கறேன். சபீரு, நீ?"

சபீரு டிராகனையே பாத்துட்டு இருந்தான். அப்பறம், "எனக்கு என்னமோ போல இருக்குதுங்ணா. நீங்களே முடிவு பண்ணிக்கோங்க"ன்னுட்டான். பயந்தாங்கொள்ளி.

"அப்ப நீங்க குத்துங்கறீங்க, நான் விடுங்கறேன். ஒண்ணுக்கு ஒண்ணா நிக்குது. இன்னொரு ஆளைக் கேக்கலாம்"ன்னான் இவன். இன்னொரு ஆளா? நான் திரும்பிப் பாக்கறதுக்குள்ள எங்கப்பா முன்னால போயி மண்டி போட்டு உக்காந்துட்டான். "அப்பா, பூரா நாளும் பாத்துட்டுத்தானே இருந்தீங்க. ஊர்காத்தை என்ன பண்ணலாம்? குத்தறதா, விடறதா?"

நான் சிரிச்சேன். பேச்சே வராத மனுசன்கிட்ட ஓட்டுக் கேக்கறான் பாருங்கன்னு சிரிச்சேன்.

அப்பா வாயை அசைச்சாரு. கன்னம் இழுத்துகிச்சு. கழுத்து நரம்பு பொடைச்சுகிச்சு. எச்சில் ஒழுகுது, இவன் தொடைக்காம அப்படியே மொகத்தைப் பாத்துட்டுக் காத்துட்டு இருக்கான். எவ்வளவு நேரம்னு தெரியல. நான் கூட, "விடுறா, அவருக்குச் செரமம்"னு சொன்னேன்னு நெனைக்கறேன்.

"வுடு"ன்னாருங்ணா.

தெளிவா. இந்தச் சுவத்துல பட்டுத் திரும்பற மாதிரி. "வுடு."

இவன் பட்டனை அமுக்கிட்டான். சபீரு, "அண்ணா, அப்பா பேசிட்டாருங்ணா, அப்பா பேசிட்டாரு!"ன்னு குதிக்கறான். ரெண்டு பேரும் அந்தாளைக் கட்டிப் புடிச்சுட்டு அழுவறாங்க. அவரும் அழுவறாரு, சிரிக்கறாரு, ரெண்டும் ஒண்ணாப் பண்றாரு. நான் திரையைப் பாத்துட்டு நிக்கறேன். சங்கிலி அவுந்து விழுது. டிராகன் திரும்பித் திரும்பிப் பாத்துட்டுத் தண்ணிக்குள்ள எறங்குது. கோட்டைத் தலைவரு ஹெல்மெட்டைக் கழட்டிக் கீழ போட்டுட்டு நடந்து போறாரு. எட்டு மாசம்ங்ணா. போச்சு.

சந்தோசப்பட்டிருக்கோணும்னு நீங்களும் சொல்லுவீங்க. பேச்சுப் பயிற்சிக்கு வர்ற அம்மாவும் அதையேதான் சொன்னாங்க. ஏனுங்ணா, தெனம் பொழுதோட உக்காந்து செங்கோடன் சொல்லுங்க, செங்கோடன் சொல்லுங்கன்னு தொண்டை வறளக் கத்துனவன் நானு. 'செ'ன்னு ஒரு எழுத்து வரல. பெத்த மகன் பேரு வரல. கெழட்டு டிராகனுக்கு வருது. கீழ்வீட்டுக்காரன் கேட்டா வருது.

அதை விடுங்க. நான் சொல்ல வந்தது விதியைப் பத்தி. படையில இல்லாத ஒருத்தருகிட்ட ஓட்டுக் கேட்டது தப்பா இல்லையா? கோட்டைச் சட்டப்படியே அது துரோகம். நான் அதைத்தான் சொன்னேன். "நீ துரோகி. இனிமேல் இந்தப் படி ஏறாத"ன்னேன். சும்மா சொல்லல, கதவைத் தொறந்து வெச்சுட்டுச் சொன்னேன்.

அதுக்கும் என்ன சொன்னாங்கறீங்க? "செரிங்ணா. கேமுக்கு வரல. அப்பாவை மட்டும் அப்பப்ப வந்து பாத்துட்டுப் போகட்டுமா?"

"ஏரியில போயி உன்ற டிராகனைப் பாருடா"ன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டேன். நல்லா இருந்துச்சுல்ல அந்தப் பதில்? அப்பவே தோணுச்சு எனக்கு.

அப்பறம் வரல. ரோசம் இல்லாதவன்னு நெனச்சேன், எப்படியோ வராமத்தான் இருக்கான். படியில பாத்தா, "அப்பா எப்படிங்ணா இருக்காரு?"ன்னு கேப்பான். நான் பதில் சொல்றதில்ல. சபீரும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஊருல இருந்து ஒறம்பரை, சொந்தக்காரங்க வந்திருக்காங்க, வேலை இருக்குதுன்னு சொல்லிட்டு வரமாட்டேங்கறான். இருக்கட்டும். எனக்கு எவனும் வேண்டாம்.

நான் தனியா மொதல்ல இருந்து ஆரம்பிச்சேனுங்ணா. மீன்காரியைத் தள்ளிவிட்டுட்டு, சந்தைக்காரனைத் தள்ளிவிட்டுட்டு, நேராக் கோட்டை. தனியா வெளையாடறவனுக்கு வேல் தானா வந்துருது, எவனோட நம்பிக்கையும் தேவையில்ல. போன ஞாயித்துக்கிழமை கொன்னுட்டேன். கழுத்துல எறக்குனேன். பெருசா 'வெற்றி'ன்னு வந்துச்சு.

அப்பறம் என்ன ஆச்சா? அப்பறம்... ஒண்ணும் இல்ல. கோட்டையில கொஞ்ச நேரம் கொம்பு ஊதுனாங்க. ஏரி உறைஞ்சு போச்சு. கோதுமை காஞ்சு போச்சு. கரையில இருந்தவங்க மூட்டை முடிச்சைத் தூக்கிட்டு ஒவ்வொருத்தரா நடந்து போறாங்க. ஊரைச் சுத்திச் சுத்தி வந்து பாத்தேன், பேசறதுக்கு ஒருத்தரும் இல்ல. பனி மட்டும் பேஞ்சுட்டே இருக்குது. அந்த மீன்காரி நிக்கற எடத்துல போயி நின்னு பட்டனை அமுக்கிக் கூடப் பாத்தேன். கேம்ல ஏதோ கோளாறு இருக்குதுங்ணா. செரியா முடிச்சவனுக்கு இப்படியா காட்டுவாங்க?

அப்பாவை நானே சக்கர நாற்காலியில தள்ளிட்டு வந்து காட்டுனேன். "பாருங்கப்பா, ஜெயிச்சுட்டேன்"னேன். பாத்தாரு. உறைஞ்ச ஏரியைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. அப்பறம் இடது கையால சக்கரத்தைப் புடிச்சுத் திருப்பப் பாத்தாரு. நாற்காலி பாதி திரும்பிச் சோபாவுல முட்டி நின்னுகிச்சு. நான்தான் கொண்டு போயிப் படுக்க வெச்சேன். அப்ப இருந்து செவுத்தைப் பாத்தே படுத்துக்கறாரு. ஜன்னல் அந்தப் பக்கம் இருக்குது, இவரு இந்தப் பக்கம் பாத்துட்டுப் படுத்திருக்காரு. பயிற்சி அம்மா, வாயே தொறக்க மாட்டேங்கறாருங்க, நாளைல இருந்து நான் வரலைன்னுட்டாங்க. சீசன் மாறுனா இந்த மாதிரி இருக்கும்னு டாக்டரு சொன்னாரு. சொன்னாருன்னுதான் நெனைக்கறேன்.

என்னங்ணா, கண்ணைத் தொடைக்கறீங்க? ஃபேனைக் கொறைக்கட்டுமா?

எந்திரிச்சுட்டீங்களே. தண்ணி கூடக் குடிக்கல. யாருக்குப் போனு? அக்காவுக்கா, பேசுங்க, பேசுங்க. விசயத்தை ஒடனே சொல்லீர்றதுதான் நல்லது. அவங்களும் வேற எடம் பாக்கோணுமில்ல.

...ஏனுங்ணா. 'பேசி முடிச்சுரலாம், மாப்பிள்ளைகிட்ட நானே சொல்றேன்'னா என்ன அர்த்தம்? எந்த மாப்பிள்ளை? நான் இவ்வளவு நேரம் தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னது ஒண்ணாவது காதுல விழுந்துச்சா? பாதிச் சண்டையில எந்திரிச்சுப் போறவன்னு சொன்னேன். கோவமே வராதவன்னு சொன்னேன். மீன்காரியோட... எதுக்குங்ணா என்னைக் கும்புடறீங்க? நான் என்ன பண்ணுனேன்?

கோபிக்காரங்களுக்கு எடுத்துச் சொன்னாப் புரியாதுன்னு எங்கப்பா அப்பவே சொல்லுவாரு. பேசிட்டு இருந்தப்ப.

செரி. உங்க பொண்ணு, உங்க பாடு. நான் உள்ளதைச் சொல்லிட்டேன், என்ற கடமை தீந்துச்சு. அவன் வீட்டுக்கா போறீங்க? கீழ எறங்குனதும் எடது பக்கக் கதவு. காலேஜ் விட்டு வர்ற நேரந்தான், இருப்பான்.

ஒரு நிமிசம்ங்ணா.

நான் கூப்புட்டேன்னு சொல்லாதீங்க. நான் கூப்புடல. ஞாயித்துக்கிழமை ஆள் பத்தல, படையில ஒரு எடம் காலியா இருக்குதுன்னு மட்டும் போற போக்குல சொல்லுங்க. அதுவும் கேமுக்குத்தான். வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம், அப்பாவைப் பத்திப் பேச்சே எடுக்காதீங்க. எப்படியும் அவனே கேப்பான். கேட்டான்னா... முழிச்சுட்டுத்தான் இருக்காருன்னு சொல்லுங்க.